கோழியும் குஞ்சுகளும்: எந்த ஊருக்கு எந்தச் செடி?

மொட்டைமாடியில் தொட்டி வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்று மட்டும் மாறாமல் வந்துகொண்டே இருக்கிறது. "கோழியும் குஞ்சும் என்று சொல்லி ஒரு சக்குலென்ட் (தடித்த இலையில் நீரைச் சேர்த்து வைக்கும் செடி) வாங்கினேன். மூன்று மாதத்தில் அழுகிவிட்டது. தெரிந்தவர் வீட்டில் அதே பெயரில் வாங்கியது தொட்டி கொள்ளாமல் பெருகிக் கிடக்கிறது. நான் எங்கே தவறினேன்?" பெரும்பாலும் எங்கும் தவறியிருக்க மாட்டார்கள். இருவர் வாங்கியதும் ஒரே செடியல்ல.

'ஹென்ஸ் அண்ட் சிக்ஸ்', அதாவது கோழியும் குஞ்சுகளும் என்பது ஆங்கிலத்தில் ஒரு செல்லப் பெயர்தான். நடுவில் விரிந்த தாமரை போல ஓர் இலையடுக்கு, அதன் காலடியில் அதே உருவத்தில் பத்துப் பன்னிரண்டு குட்டிகள். இப்படி இருப்பதையெல்லாம் அந்தப் பெயரில் அழைத்துவிடுகிறார்கள். ஐரோப்பிய மலைகளின் செம்பர்விவத்துக்கும் அதே பெயர், மெக்சிகோவின் எச்சிவேரியாவுக்கும் அதே பெயர். நம் ஊர் நர்சரியில் தொட்டியில் பெயர்ச்சீட்டே இருக்காது. இருந்தால் 'சக்குலென்ட் மிக்ஸ்' என்றிருக்கும்.

நான் சென்னையில் இருக்கிறேன். சித்தி குன்னூரில், அக்கா டொரண்டோவில். மூவருக்கும் இந்தக் கிறுக்கு உண்டு. அதனால் ஒரே செடி மூன்று ஊரில் என்ன பாடு படுகிறது, நம்மை என்ன பாடு படுத்துகிறது என்று பார்க்க எனக்கு வாய்த்தது. கீழே உள்ள ஒப்பீடு அதிலிருந்து வந்ததுதான்.

## எதை வைத்து எடை போடுவது

எல்லோரும் வெயிலைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது இரவை. இந்தச் செடிகள் மற்ற செடிகளைப் போலப் பகலில் இலைத்துளைகளைத் திறந்து வைப்பதில்லை. திறந்தால் உடம்பிலுள்ள நீரெல்லாம் போய்விடும். இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கி அமிலமாகச் சேர்த்து வைத்துக்கொள்கின்றன. பகலில் கதவை அடைத்துவிட்டு, அந்தச் சேமிப்பை எடுத்துச் சமைக்கின்றன. இதை ஆரம்ப காலத்திலேயே கவனித்து எழுதியவர்களில் ஒருவர் பெஞ்சமின் ஹெய்ன். சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக இருந்தவர். ரணகள்ளி இலை காலையில் புளிக்கிறது, நண்பகலில் சப்பென்று ஆகிவிடுகிறது என்று அவர் குறித்தது, 1815இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் அச்சானது. அந்தப் புளிப்புதான் இரவுச் சேமிப்பு.

இரவு குளிர்ந்தால் சேமிப்பு ஒழுங்காக நடக்கும். மே மாதச் சென்னையில் விடியற்காலையில்கூட 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்காது. குளிர்ந்த மலையில் பிறந்த செடிக்கு அது இரவே அல்ல. சம்பாதிப்பது குறைந்து, மூச்சு விடுவதற்கே கையிருப்பைச் செலவழிக்கத் தொடங்கிவிடும்.

அடுத்தது மழை. அளவைவிட, எத்தனை நாள் தொடர்ந்து ஈரம் நிற்கிறது என்பதே கணக்கு. ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டு வெயில் அடித்தால் இவை தாங்கும். நான்கு நாள் விடாத தூறல்தான் வேரைத் தின்னும்.

மூன்றாவது, குட்டி எப்படி வருகிறது, வந்ததைப் பிரித்துக் கொடுப்பது எளிதா என்பது. கொடுக்கவும் வாங்கவும் முடியாவிட்டால் இந்தப் பொழுதுபோக்கில் பாதி சுவை போய்விடும். கடைசியாக, வாங்கிய விலைக்கு மேல் பின்னால் என்னென்ன கேட்கும் என்பது. அதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார்.

## செம்பர்விவம்: அசல் கோழி

ஆல்ப்ஸ், பைரனீஸ், பால்கன், காகசஸ் மலைகளின் பாறை இடுக்குச் செடி இது. லத்தீன் பெயருக்கு 'என்றும் உயிரோடிருப்பது' என்று பொருள். இதில் மிகப் பரவலான இனத்துக்குத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் வைத்த பெயர் டெக்டோரம், அதாவது கூரைக்குரியது. உண்மையிலேயே ஐரோப்பாவில் இதை ஓட்டுக்கூரை மேல் வளர்த்தார்கள். வீட்டில் இடி விழாது என்ற நம்பிக்கை. கி.பி. 800ஐ ஒட்டிய பேரரசர் சார்லமேன் காலத்து ஆணையில், தோட்டக்காரன் தன் வீட்டின் மேல் 'ஜூபிடரின் தாடி'யை வைத்திருக்க வேண்டும் என்று ஒரு வரி வருகிறது. ஜூபிடர் ரோமர்களின் இடிக் கடவுள்; அந்தத் தாடி இதுதான்.

டொரண்டோவில் அக்கா வீட்டு வாசற்படி ஓரத்தில், பழைய சிமெண்ட் தொட்டியில் இது கிடக்கிறது. 'கிடக்கிறது' என்பதைத் தெரிந்துதான் எழுதுகிறேன், யாரும் கவனிப்பதில்லை. சில ஜனவரி இரவுகளில் மைனஸ் 20 வரை போகும். பனி மூடிவிடும். அந்தப் பனியே கம்பளி. ஏப்ரலில் பனி கரைந்ததும் ஒயின் நிறத்தில் சுருங்கிப் படுத்திருக்கும் இலையடுக்குகள் மே மாதம் பச்சையாகி விரிகின்றன. ஜூன் மாதம் ஒவ்வொரு தாயின் இடுக்கிலிருந்தும் நூல் போல ஓடுதண்டு கிளம்பும். அதன் நுனியில் கடலைப் பருப்பு அளவில் ஒரு குட்டி. ஆகஸ்டில் அந்த நூல் காய்ந்து சருகாகிவிடும். குட்டி தானே வேர்விட்டு உட்கார்ந்திருக்கும். இரண்டு விரலால் எடுத்தால் போதும், கத்தி வேண்டாம்.

தாய் பூத்தால் இறந்துவிடும். சில வருடம் வளர்ந்த பிறகு நடு இலையடுக்கு திடீரென்று கூம்பாக உயரத் தொடங்கும். புதிதாக வளர்ப்பவர்கள் மகிழ்ந்து போய்ப் படம் எடுப்பார்கள். பூக்கம்பை வெட்டினாலும் அந்தத் தாய் பிழைக்காது. வாழை வைத்திருக்கும் வீட்டில் இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. தார் போட்ட மரத்தை வெட்டிவிட்டுப் பக்கக் கன்றைப் பார்ப்பது நமக்குப் பழக்கம்தானே. இதுவும் வாழையடி வாழைதான். பூப்பதற்கு முன்பே குட்டிகள் சுற்றி நிறைந்திருக்கும் என்பதால் இழப்பு என்று எதுவுமில்லை. செத்த தாய் விட்டுப்போன பள்ளத்தில் கொஞ்சம் மண் போட்டு, ஒரு குட்டியை நகர்த்தி வைத்துவிடலாம்.

டொரண்டோவில் இதற்குச் செலவு அணில்தான். அங்குள்ள பெரிய அணில்கள் இலையுதிர் காலத்தில் கொட்டை புதைக்கத் தொட்டியைத் தோண்டிக் குட்டிகளை வெளியே எறிந்துவிடும். எறிந்த இடத்திலும் அவை வேர்விடுகின்றன என்பது வேறு கதை.

இப்போது சென்னை. ஒரு மார்ச் மாதம் 320 ரூபாய் கொடுத்து ஆன்லைனில் ஒன்று வரவழைத்தேன். ஏப்ரல் கடைசி வரை இருந்தது. பிறகு கீழ் இலைகள் ஒவ்வொன்றாக வெல்லப்பாகு நிறத்தில், கண்ணாடி போல ஒளி ஊடுருவத் தொடங்கின. தண்ணீர் போதவில்லையோ என்று ஊற்றினேன். போகிற உயிரைப் பிடித்துத் தள்ளியது போலாயிற்று. ஒருநாள் தொட்டியை நகர்த்தலாம் என்று தொட்டபோது இலையடுக்கு முழுதாகக் கையோடு வந்துவிட்டது. அடியில் வேரைக் காணோம். ஊறிய தீக்குச்சி போல ஒரு பழுப்புத் தண்டு, அதில் மாற்றாத பூ ஜாடித் தண்ணீரின் வாடை. அடுத்த வருடம் நிழலில் வைத்துப் பார்த்தேன், கூடவே மின்விசிறி போட்டும் பார்த்தேன். மூன்று செடிக்குப் பிறகு நிறுத்திக்கொண்டேன். சென்னை, மதுரை, திருச்சி, யாழ்ப்பாணம், கொழும்பு என்று இரவு வேகும் ஊரில் இருப்பவர்கள் இதற்குப் பணம் போடாமலிருப்பதே நல்லது.

குன்னூர், ஊட்டி, கொடைக்கானல், நுவரெலியா போன்ற இடங்களில் வெப்பம் பிரச்சினையில்லை, ஈரம்தான். சித்தி இதைச் சன்ஷேடுக்கு அடியில், மழை சாரல் படாமல் காலை வெயில் மட்டும் விழும் சுவரோரத்தில் வைத்திருக்கிறார். நன்றாகவே இருக்கிறது. ஆனால் டொரண்டோ தொட்டி போலக் குட்டிகள் குவியவில்லை, வருடத்துக்கு மூன்று நான்குதான்.

## எச்சிவேரியா: அழகி, கூடவே செலவாளி

படங்களில் பார்த்து மயங்குவது பெரும்பாலும் இதைத்தான். மெக்சிகோவின் உயர்ந்த நிலப்பகுதிகளைச் சேர்ந்தது. அந்நாட்டுத் தாவர ஓவியர் அத்தனாசியோ எச்சிவேரியாவின் பெயரை தாவரவியலாளர் டி கண்டோல் 1828இல் இதற்குச் சூட்டினார். இலைமேல் திருநீறு பூசினாற்போல ஒரு வெண்பொடி இருக்கும். அது மெழுகு, செடியின் வெயில் குடை. விரல் பட்டால் அந்த இடத்தில் அழிந்துவிடும், அதே இலையில் திரும்ப வராது. விருந்தாளி வரும்போதெல்லாம் "தொடாதீர்கள்" என்று சொல்லும் வேலையையும் இந்தச் செடியோடு சேர்த்தே வாங்குகிறீர்கள்.

பூத்தாலும் தாய் சாகாது, பக்கத்திலிருந்து பூக்கம்பு விட்டு ஒவ்வொரு வருடமும் பூக்கும். இது பெரிய வசதி. உறைபனியைத் தாங்காது, அதனால் டொரண்டோவில் அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை வீட்டுக்குள் வைத்தாக வேண்டும். அங்கே குளிர்கால ஜன்னல் வெளிச்சம் போதாமல் கழுத்து நீண்டு, கோழி கொக்காகிவிடும். பிறகு செடிக்கென்று விளக்கு, அதற்கு ஒரு டைமர், மின்கட்டணம்.

பெங்களூரு, ஓசூர், கோவை போன்ற இரவு ஓரளவு குளிரும் ஊர்களில் எச்சிவேரியாவைத் தயங்காமல் வாங்கலாம். எலிகன்ஸ், செகுண்டா ஆகிய இனங்கள் அங்கே சுற்றிலும் குட்டி வைத்துத் தொட்டியை நிறைத்துவிடும். சென்னையில் நவம்பர் முதல் மார்ச் வரை அரசியாக இருக்கும், மே மாதம் நோயாளியாகிவிடும். காலை வெயில் மட்டும் படும் கிழக்குப் பக்கம், மதியத்துக்கு மேல் நிழல்வலை, கோடையில் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மாலையில் கொஞ்சம் தண்ணீர் என்று தாங்கினால் பத்தில் ஆறு ஏழு பிழைக்கும். நீளும் கழுத்தை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வெட்டி, தலையை நான்கு நாள் காயவைத்து மறுபடி நட வேண்டும். வெட்டிய அடிக்கட்டையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், அதிலிருந்துதான் குட்டிகள் கூட்டமாகக் கிளம்பும்.

வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். மேலே ஒட்டுப்பசை போட்டு இறுக்கிய கூழாங்கல் இருந்தால் அந்தத் தொட்டியில் தண்ணீர் எப்படி இறங்கும் என்று கேளுங்கள். இலைக்குச் சாயம் பூசிய செடி என்றால் நகர்ந்துவிடுங்கள்.

## கிராப்டோபெட்டலம்: என் வாக்கு இதற்குத்தான்

இதற்கு 'பராகுவயென்ஸ்' என்று பெயர் வைத்தவர் ஊரைத் தவறாக நினைத்துவிட்டார். பராகுவேக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, மெக்சிகோ செடி. சாம்பல் கலந்த நிறம் என்பதால் ஆங்கிலத்தில் 'பேய்ச்செடி' என்பார்கள். வெயிலில் இளஞ்சிவப்புச் சாயலும் நிழலில் நீலப் பச்சையும் காட்டும்.

சமவெளியில் இருப்பவர் முதல் செடியாக எதை வாங்கலாம் என்று கேட்டால் யோசிக்காமல் இதைச் சொல்வேன். என் மாடியில் ஐந்து கோடைகளைக் கடந்திருக்கிறது. மே மாத மதிய நிழலும் வடகிழக்குப் பருவமழையின்போது ஒதுக்கிடமும் கொடுத்தேன், வேறு சலுகை எதுவும் இல்லை. தண்டு நீண்டு தொட்டியிலிருந்து வழியும். எச்சிவேரியாவின் கச்சிதம் இதில் கிடையாது. அதைப் பொறுத்துக்கொள்ள முடியாதவர்களுக்கு இது சரிப்படாது.

குட்டி போடும் விதத்தில் இதை மிஞ்ச ஆளில்லை. இலை தொட்டாலே உதிரும். உதிர்ந்த இலையைக் காய்ந்த மண்ணின் மேல் சும்மா வைத்துவிட வேண்டும், புதைக்கக் கூடாது. பத்து நாளில் காம்பிருந்த இடத்தில் இளஞ்சிவப்பு மயிரிழைகளாக வேர் எட்டிப் பார்க்கும். மூன்றாவது வாரம் எள்ளளவில் ஒரு குட்டி. பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஐந்து இலையும் தனித்தனியாகத் தெரியும். தாய் இலை தன் நீரையெல்லாம் அதற்குக் கொடுத்துவிட்டு, உலர்திராட்சை போலச் சுருங்கி, தானே கழன்று விழும் வரை பிடுங்கக் கூடாது. எல்லாப் புது ஆட்களும் அந்த இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள்.

## ஹவோர்த்தியா: ஜன்னல் மட்டும் இருப்பவர்களுக்கு

தென்னாப்பிரிக்கச் செடி, கற்றாழையின் உறவு. வெள்ளைக் கோடு போட்ட வகை எல்லா நர்சரியிலும் கிடைக்கும். நேர்வெயில் வேண்டாம், வெளிச்சமான பால்கனி போதும். சென்னை இரவையும் தாங்கும். சோற்றுக்கற்றாழை போலவே அடியில் வேரோடு குட்டி வைக்கும், பிரிப்பதும் அப்படித்தான். குறை ஒன்றே ஒன்று, வேகம். பகிரும் அளவுக்குக் குட்டி வளர ஒரு வருடம் பொறுக்க வேண்டும்.

## ரணகள்ளி: வீட்டிலேயே இருக்கும் விடை

பட்டியலில் இதை எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள். இலையடுக்கு அழகு இல்லாததால் சக்குலென்ட் பிரியர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் குட்டி போடுவதற்காகவே பெயர் பெற்ற செடி நம்மிடம் இதுதான்: 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்' என்று ஊரில் சொல்வோமே. இலையை நூலில் கட்டிச் சுவரில் தொங்கவிட்டாலும் ஓரப் பற்களில் குட்டி முளைக்கும். மடகாஸ்கரிலிருந்து உலகெங்கும் பரவிய செடி. ஜெர்மன் கவிஞர் கெத்தே இதன் குட்டிகளை வளர்த்து நண்பர்களுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். ஜெர்மனியில் இதற்கு இன்றும் 'கெத்தே செடி' என்ற பெயருண்டு.

காசு செலவில்லை, சாகாது. ஆனால் பரவினால் பிடித்து நிறுத்த முடியாது. ஹவாயில் இது காடுகளை ஆக்கிரமிக்கும் களை. ஆடு மாடு, நாய் பூனைக்கு நஞ்சு. மேய்ச்சல் உள்ள வீட்டில் வேலிக்கு வெளியே இலை விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

## ஒரே பார்வையில்

| செடி | வெப்ப இரவு | தொடர் மழை | குட்டி | பின்னால் வரும் செலவு | எங்கே வாங்கலாம் |
|---|---|---|---|---|---|
| செம்பர்விவம் | தாங்காது | கூரை வேண்டும் | ஓடுதண்டில், ஏராளம் | சமவெளியில் செடியே | டொரண்டோ, லண்டன்; மலையூர்களில் கவனத்தோடு |
| எச்சிவேரியா | தவிக்கும் | அழுகும் | அடியிலும் இலையிலும் | நிழல்வலை, கழுத்து வெட்டல் | பெங்களூரு, ஓசூர், கோவை |
| கிராப்டோபெட்டலம் | தாங்கும் | ஒதுக்கிடம் போதும் | ஒவ்வோர் இலையும் | இடம் | சென்னை உட்பட சமவெளி |
| ஹவோர்த்தியா | தாங்கும் | பால்கனிக்குள் வைத்தால் கவலையில்லை | அடியில், மெதுவாக | பொறுமை | வெயில் இல்லாத அடுக்குமாடி |
| ரணகள்ளி | கவலையே இல்லை | கவலையே இல்லை | இலை ஓரத்தில், அளவின்றி | களையெடுப்பு | தொட்டியில், கால்நடை இல்லாத வீடு |

மண் விஷயத்தில் ரணகள்ளி தவிர மற்ற நான்குக்கும் ஒரே விதிதான். சலித்த செங்கல் ஜல்லி இரண்டு பங்கு, பருமணல் ஒரு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு. எம்-சாண்ட் போடுவதானால் அலசித் தூளைப் போக்கிவிட்டுப் போடுங்கள்; தூளோடு போட்டால் சிமெண்ட் போல இறுகிவிடும். வெறும் தென்னைநார்த் தூளில் வந்த செடியை அப்படியே வைத்திருக்காதீர்கள், மழைக்காலத்தில் பஞ்சு போல நீரைப் பிடித்துக்கொள்ளும்.

## கொடுப்பதும் வாங்குவதும்

மணி பிளான்டைத் திருடி வைத்தால்தான் செல்வம் சேரும் என்பார்கள். இவற்றுக்கு அந்தச் சிரமம் வேண்டாம். கேட்டாலே கொடுப்பார்கள், கேட்காமலும் கொடுப்பார்கள். தபாலில் அனுப்ப ஏற்றது வேரோடு பிடுங்கி மண் உதறிய குட்டி. இரண்டு நாள் நிழலில் காயவைத்து, செய்தித்தாளில் சுருட்டி, காற்றுப் போகும் அட்டைப் பெட்டியில் வைத்தால் ஒரு வாரப் பயணம் பெரிய விஷயமில்லை. பிளாஸ்டிக் பையில் கட்டினால் மூன்றாம் நாளே வெந்துவிடும். எச்சிவேரியாவை அனுப்பும்போது மட்டும் டிஷ்யூ காகிதத்தை இலைகளுக்கு நடுவில் செருகுங்கள், திருநீறு மிஞ்சும்.

அன்பளிப்போடு மாவுப்பூச்சியும் சேர்ந்து வரும். பெரும்பாலும் இலை தண்டோடு சேரும் இடுக்கில், வெள்ளைப் பஞ்சுத் துணுக்கு போல ஒளிந்திருக்கும். யார் கொடுத்தாலும், எவ்வளவு நெருங்கியவரானாலும், புதுக் குட்டியை இரண்டு வாரம் மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். இதற்காக வருத்தப்படும் நண்பர், செடி வளர்ப்பவராக இருக்க மாட்டார்.

வெளிநாட்டு உறவினர்கள் பெட்டியில் போட்டுக் கொண்டுவரட்டுமா என்று கேட்பார்கள். கூடாது. 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி உயிர்ச்செடியை இந்தியாவுக்குள் கொண்டுவர இறக்குமதி அனுமதியும், புறப்படும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். இரண்டும் வாங்கும் செலவில் ஒரு நர்சரியையே வாங்கலாம். இங்கிருந்து கொண்டுபோவதற்கும் அந்தந்த நாட்டில் இதே போன்ற விதிகள் உண்டு.

சென்ற டிசம்பரில் அக்கா வந்திருந்தபோது, மாடியில் உள்ள அத்தனை தொட்டிகளையும் விட்டுவிட்டு ரணகள்ளி இலை ஒன்றைக் கேட்டாள். அம்மா வீட்டுக் கொல்லையில் பார்த்த நினைவு. விதியைச் சொன்னேன். "புத்தகத்துக்குள் ஒரே ஓர் இலையை வைத்துக்கொண்டால் யாருக்குத் தெரியும்?" என்றாள்.

"புத்தகத்துக்குள் வைத்தாலும் அது குட்டி போடும், அக்கா. திறந்து பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும்" என்றேன்.